பக்கி வண்டி நிற்கிற வீடு

தோன்யா எர்சிலியாவின் வீட்டில் எரிவாயு அடுப்பு உண்டு. ஆனால் அது வெளிநாட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்பது சுற்றுலாக் கம்பெனி உத்தரவு. காலையில் கரும்புக்காட்டுப் பக்கம் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் அந்த அடுப்பின் மேல் பூப்போட்ட துணியைப் போர்த்துவாள். தொலைக்காட்சிப் பெட்டியைச் சுவரைப் பார்க்கத் திருப்புவாள். பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொல்லையில் அடுக்குவாள். பிறகு விறகடுப்பை ஊதி ஊதி மூட்டுவாள். நாங்கள் போய் இறங்கும்போது நீலமும் ரோஜா நிறமும் பூசிய பலகை வீடு ஒன்று, உலகத்தில் எதுவுமே மாறாதது போலப் புகைந்துகொண்டு நிற்கும். "அசல் தொமினிக்கன் வீடு" என்று நான் அறிவிப்பேன். வந்தவர்கள் படம் எடுத்துத் தள்ளுவார்கள்.

என் பெயர் எல்பீதியோ. தொமினிக்கன் குடியரசின் கிழக்குக் கோடியில் உவெரோ என்ற கடலோரச் சிற்றூர்க்காரன். பக்கி வண்டி வரிசையில் முதல் வண்டி என்னுடையது. இரும்புக் குழாய்களை வளைத்துக் கட்டிய, கதவும் கண்ணாடியும் இல்லாத, இரண்டு பேர் உட்காரும் வண்டி. சக்கரம் தடிமன், சத்தம் அதைவிடத் தடிமன். பத்துப் பதினைந்து வண்டிகளை வாத்துக் குஞ்சுகள் மாதிரிப் பின்னால் இழுத்துக்கொண்டு கரும்புக்காடு, மாட்டுப் பண்ணை, குகைக் குளம், எர்சிலியா வீடு, கடைசியாகக் கடற்கரை என்று ஒரு பகல் முழுக்கச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. வருகிறவர்களுக்கு முக்கியமாக வேண்டியது சேறு. உடம்பெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பினால்தான் கொடுத்த காசு அவர்களுக்குச் செரிக்கும். மழையில்லாத மாதங்களில் கம்பெனியே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து குழிகளை நிரப்பும். அந்த லாரி ஊருக்குள் நிற்காமல் போவதைப் பார்த்து எர்சிலியா காறித் துப்புவாள்.

"சேத்துக்கு ஊத்துற தண்ணிய எனக்கு ஊத்துனா நாலு துணியாவது தொவைப்பேனே, பாவிங்களா!"

அவளைப் பற்றித்தான் சொல்ல உட்கார்ந்தேன். தோன்யா என்பது பெரிய பெண்களை நாங்கள் கூப்பிடும் மரியாதைச் சொல். கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவள். களை வெட்டி வளர்ந்தவள். கட்டிக்கொண்டவன் தலைநகரத்துக்கு வேலை தேடிப் போனான். வேலையும் கிடைத்தது, வேறொருத்தியும் கிடைத்தாள். இவள் கைக்குழந்தையோடு கடற்கரையில் மீன் பொரித்து விற்றாள். அந்தக் குழந்தைதான் தனீலோ. பக்கி வண்டிக் கம்பெனி வந்தபோது எங்கள் ஊரில் இன்னும் சிமெண்டுக்கு மாறாத வீடு அவளுடையது ஒன்றுதான். மாற்ற வக்கில்லாததால் மாறாத வீடு. அதையே அழகு என்று சொல்லிக் கம்பெனி அவளைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் காபிக்கொட்டை வறுத்து, மர உரலில் இடித்து, துணிப்பையில் வடித்துக் கொடுக்கிறாள். சுள்ளியும் வேரும் ஊறிய ரம் போத்தல்களை விற்கிறாள். அவள் குடிப்பதோ கடையில் வாங்கும் பொட்டலக் காபி.

"இடிச்சதையெல்லாம் நானே குடிச்சா அப்புறம் எதை விக்கிறது?" என்பாள்.

தனீலோ வளர்ந்து என்னோடு வேலைக்கு வந்தான். வரிசையில் கடைசி வண்டி அவனுடையது. கடைசி வண்டிக்காரன் என்றால் முன்னால் போகிற அத்தனை பேருடைய புழுதியையும் தின்றுகொண்டே, யாரும் குழியில் சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறவன். சாயங்காலம் அவன் இமை மயிர்கூட வெள்ளையாக இருக்கும். "உங்கப்பனுக்கு முன்னாடி நீ நரைச்சிட்டடா" என்று சிரிப்பேன். இடது காதின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். சின்ன வயதில் தூண்டில் முள் கிழித்தது. அவன் சம்பாதித்ததையெல்லாம் சிமெண்டுக் கற்களாக வாங்கினான். வீட்டுக்குப் பின்னால் அடுக்கினான். வெளிநாட்டுக்காரர் பார்க்கக்கூடாது என்று கம்பெனி அந்த அடுக்குக்கு ஓலைத் தட்டி கட்டச் சொன்னது. கல்வீடு கட்டினால் வண்டி அங்கே நிற்காது என்றும் சொன்னது.

ஒரு புயலில் எர்சிலியா வீட்டுத் தகரக் கூரை பறந்து தென்னந்தோப்பில் விழுந்தது. தாயும் மகனும் மேசைக்கு அடியில் கட்டிப்பிடித்துக் கிடந்திருக்கிறார்கள். கம்பெனி வந்து கூரையைப் புதிதாகப் போட்டது, பழசு மாதிரித் தெரிய வேண்டும் என்று அதில் துருநிறச் சாயமும் அடித்தது. அந்தச் சாயத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் தனீலோவுக்கு வெறுத்துப்போனது.

"அக்கரைக்குப் போறேன் எல்பீதியோ. ரெண்டு வருஷம். அவங்க காபியும் வேணாம், அவங்க கூரையும் வேணாம். அம்மாவ ஒரு கல்வீட்டுக்குள்ள வெச்சிட்டுத்தான் மறுவேலை."

அக்கரை என்றால் எங்களுக்கு அமெரிக்காவின் கையில் இருக்கும் புவேர்த்தோ ரிக்கோ தீவு. நடுவில் இருக்கும் கடல் அகலம் கம்மி, ஆனால் குணம் கெட்டது. விசா கிடைக்காதவர்கள் கள்ளத்தோணியில் போவார்கள். எர்சிலியா அழுதாள், திட்டினாள், அவன் செருப்பை ஒளித்து வைத்தாள். கடைசியில் பொரித்த மீனும் ரொட்டியும் அவளே கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அந்தத் தோணியைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஒருவர் இருவராக ஏறிய கூட்டம் அது. யாரிடம் போய்க் கேட்பது? கரை சேர்ந்துவிட்டார்கள் என்றார்கள். பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். மற்றதையும் சொன்னார்கள், ஆனால் எர்சிலியா காதுபட இல்லை. ஒரு வருஷம் கழிந்ததும் ஊரில் ஜெபம் சொல்லும் மில்கேயா வந்து பக்குவமாகப் பேச்சை எடுத்தாள்.

"எர்சிலியா, ஒம்பது நாள் ஜெபம் வெச்சிரலாம்டி. பொணம் கெடைக்கலன்னாலும் ஆத்மாவுக்கு வழி விடணும்ல?"

எர்சிலியா உலக்கையை எடுத்தாள். காபி இடிக்க இல்லை. மில்கேயா வேலியைத் தாண்டி ஓடியதை நான் பார்த்தேன். "எம்மவன் உசிரோட இருக்கிற வீட்டுல வந்து மெழுகுவத்தி ஏத்துறியா? உன் வீட்டுல ஏத்திக்கடி!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்தினாள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெபம் வைக்காதவரை அவன் இருக்கிறான். அவள் கணக்கு அவ்வளவுதான். ஒவ்வொரு தவக்காலத்திலும் சிவப்புப் பீன்ஸில் தேங்காய்ப்பால் விட்டு இனிப்புக் கஞ்சி காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுப்பாள். ஒரு கிண்ணத்தைத் தனியாக மூடி வைப்பாள். அது புளித்துப்போனதும் கோழிக்குப் போடுவாள். அடுத்த வருஷம் மறுபடி ஒரு கிண்ணம்.

இப்படி ஆறு வருஷம் போனது. இத்தனை வருஷமும் அவள் அந்தக் கம்பெனிக்காக உரல் இடித்தது காசுக்காக மட்டும் இல்லை. வண்டியில் அக்கரைக்காரர்களும் வருவார்கள். வரிசை வந்து நின்றதும் அவள் ஒவ்வொருவர் பேச்சையும் கவனித்து, புவேர்த்தோ ரிக்கோ வாடை அடித்தால் முதல் கோப்பையை அங்கேதான் கொண்டுபோவாள்.

"கண்ணு, அங்க தனீலோன்னு ஒரு பையனப் பாத்திருக்கியா? நல்ல ஒசரம். இடது காதுல ஒரு வெட்டு இருக்கும்."

விடுமுறைக்கு வந்தவர்கள் என்ன சொல்வார்கள்? பார்த்ததில்லை, போனால் விசாரிக்கிறேன் என்பார்கள். சிலர் உற்சாகத்தில், "அப்படி ஒருத்தனைப் பார்த்த மாதிரிதான் இருக்கு" என்றும் சொல்லிவிடுவார்கள். அவர்களைக் குழிக்குள் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றும். அவளுக்கோ அந்த ஒரு வார்த்தை ஒரு மாதத்துக்குப் போதும்.

போன வருஷம் மழை தொடங்கும் முன்னால் அமௌரி வந்தான். அப்போது பெயர் தெரியாது. தனியாக வந்தவன், பொதுவாக இந்தப் பயணத்துக்குத் தனியாக யாரும் வரமாட்டார்கள். புழுதிக்காகக் கட்டும் கைக்குட்டையை எல்லோரும் வண்டி நின்றதும் கழுத்துக்கு இறக்குவார்கள். இவன் இறக்கவில்லை. எர்சிலியா காபி நீட்டியபோதுதான் இறக்கினான். அவள் பேச்சுக் கொடுத்தாள். புவேர்த்தோ ரிக்கோவில் இருக்கிறேன், பிறந்தது இங்கேதான், மிச்செஸ் ஊர்ப் பக்கம் என்றான். உடனே கேள்வி வந்தது. தனீலோ, உயரம், காது.

அவன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "அங்க நெறைய பேரு இருக்காங்க, தோன்யா" என்றான்.

"அதான் நானும் சொல்றேன். நெறைய பேரு இருக்காங்க. அதுல ஒருத்தன் அவன்" என்று அவள் அடுத்தவருக்கு ஊற்றப் போய்விட்டாள்.

மறுநாளும் அவன் வந்தான். கடைசி வண்டியை இப்போது ஓட்டுகிற மனோலின்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"எல்பீதியோ, அந்த மூணாவது வண்டி ஆளு நேத்தும் வந்தான்."

"போடா. இந்தப் பிழைப்புல ரெண்டாந்தரம் வந்தவன் எவன்டா இருக்கான்?"

"சத்தியமா. குகைக் குளத்துல இன்னைக்கும் எறங்கல. கண்ணு பூரா ரோட்டு மேலயே இருக்கு."

எனக்குப் பொறிதட்டியது, ஆனால் தப்பான இடத்தில் தட்டியது. கம்பெனியின் ஆளோ, வேறு கம்பெனி எர்சிலியாவைத் தட்டிப்பறிக்க அனுப்பிய ஆளோ என்று நினைத்தேன். அன்றும் அவன் காபி குடித்தான். உரலையும் கூரையையும் ஓலைத் தட்டியையும் பார்த்தான். எர்சிலியாவை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் உள்ளே போனால் வாசலையே பார்த்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாம் நாள் அவன் கையில் ஒரு பை இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அக்கரையிலிருந்து ஒருவன் ஊருக்கு வந்தால், அங்கே இருக்கிற மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு அனுப்பும் பையும் அவனோடு வரும். தபாலில் போட்டால் பாதி வந்து சேராது. ஆள் கையில் கொடுத்தால் சேரும். அதனால் அக்கரையிலிருந்து வந்தவன் கையில் பையோடு ஒரு வாசலில் நின்றால், இங்கே யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை அனுப்பியது என்றுதான் பொருள். ஆறு வருஷமாக எர்சிலியா வீட்டு வாசலில் அப்படி ஒருவன் வந்து நின்றதில்லை.

அவன் பையை நீட்டினான். "தோன்யா, இது உங்களுக்கு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சாவுச் செய்தியை வெறுங்கையோடு எப்படிச் சொல்வது என்று யோசித்து வாங்கி வந்திருக்கிறான், மடையன். மிச்செஸ்காரன்தானே, வழக்கம் அவனுக்கும் தெரியும். இரண்டு நாளாக அந்த வீட்டு வாசலில் பட்ட வேதனையில் அது அவன் மண்டைக்கு ஏறவில்லை.

எர்சிலியாவின் கையிலிருந்து வடிகட்டும் துணிப்பை கீழே விழுந்தது.

"அவன்தானே?" என்றாள். "அவன்தானே குடுத்தான்?"

அமௌரி வாயைத் திறந்தான். அதற்குள் அவள் பையைப் பிடுங்கிக்கொண்டாள். சோப்பு, முகப் பவுடர், ஒரு ஜோடி செருப்பு, மஞ்சள் நிறத்தில் ஒரு கவுன். கவுனை உடம்பின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவாக இருந்தது.

"பாத்தியா எல்பீதியோ? நான் எளைச்சிட்டேன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? மில்கேயா! ஏய் மில்கேயா! வாடி இங்க! மெழுகுவத்தி ஏத்தணும்னியே, வந்து பாருடி! எம்மவன் அனுப்பியிருக்கான்டி!"

தெருப் பெண்கள் ஓடி வந்தார்கள். சோப்பை முகர்ந்து பார்த்தார்கள். எர்சிலியா ரம் போத்தலைத் திறந்து கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். என் வண்டியில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒரு பெண் எர்சிலியாவோடு சேர்ந்து இடுப்பை ஆட்டி ஆடினாள். நான் அமௌரியின் முகத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் அவனைத் தூக்கி வண்டியில் போட்டு எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் ஆடட்டும், இப்படியே ஆடிக்கொண்டே சாகட்டும் என்று தோன்றியது.

ஆனால் அவன் போய் அவள் முன்னால் மண்டியிட்டுவிட்டான்.

"தோன்யா, அவன் குடுக்கல. நான் வாங்குனது."

அவள் சிரிப்பு உடனே நிற்கவில்லை. அதுதான் கொடுமை. முகம் சிரித்துக்கொண்டே இருந்தது, கண் மட்டும் மாறியது. "நீ யாரு?" என்றாள்.

"ஒரே தோணியில போனோம்."

மனோலின் வெளிநாட்டுக்காரர்களை வண்டிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனான். அமௌரி தரையைப் பார்த்தபடி சொன்னான். நடுக்கடலில் எஞ்சின் நின்றது. அலை பக்கவாட்டில் வந்தது. தோணி கவிழ்ந்தபோது கையில் கிடைத்தது ஒரு காலி பெட்ரோல் கேன். அதை அவனும் தனீலோவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்களைக் காணவில்லை. தனீலோ பேசிக்கொண்டே இருந்தான். அம்மாவைப் பற்றி, உரலைப் பற்றி, அடுக்கி வைத்த கல்லைப் பற்றி. விடிந்தபோது அவன் கை விறைத்துப்போயிருந்தது. அமௌரி அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்.

"பிடிச்சிட்டுதான் இருந்தேன் தோன்யா. ஒரு பெரிய அலை வந்துச்சு. அப்புறம் கையில சட்டை இல்ல."

மீன்பிடிப் படகு ஒன்று அவனைத் தூக்கி அக்கரையில் இறக்கிவிட்டிருக்கிறது. பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பல வருஷம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறான். கல்யாணமாகிக் குடியுரிமை கிடைத்த பிறகுதான் வர முடிந்தது. தனீலோவின் ஊர்ப் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், 'பக்கி வண்டி வந்து நிக்கிற வீடுதான் எங்க வீடு, அம்மா காபி இடிப்பாங்க' என்று தனீலோ சொன்ன ஒன்றுதான். இந்தக் கரையில் பக்கி வண்டிக் கம்பெனி எத்தனை! ஒவ்வொன்றிலும் பணம் கட்டி ஏறி, ஒவ்வொரு வீட்டிலும் இறங்கிக் காபி குடித்துப் பார்த்திருக்கிறான். எங்கள் வண்டியில் வந்த அன்று எர்சிலியா மகனின் காது வெட்டைச் சொல்லிக் கேட்டாள். அன்று அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது, வாய் போய்விட்டது.

எர்சிலியா அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். உரலின் விளிம்பைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"மொத நாளே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"முடியல தோன்யா."

"நல்லதாப் போச்சு" என்றாள். "ரெண்டு நாள் கூடுதலா உசிரோட இருந்தான் எம்மவன்."

பிறகுதான் அவள் கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்டோம்.

அன்று மாலையே மில்கேயா வெள்ளைத் துணி விரித்துத் தனீலோவின் படம் வைத்தாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள், ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். எர்சிலியா தடுக்கவில்லை. நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். மறுநாள் பயணத்தை ரத்து செய்யுங்கள், அல்லது வேறு வழியில் விடுங்கள் என்றேன். மேனேஜர் வருத்தம் தெரிவித்தார். அழகாகத் தெரிவித்தார், அதில் குறையில்லை. ஆனால் எல்லா வண்டியும் பதிவாகிவிட்டது என்றார். கடற்கரைக்கு வேறு வழியும் கிடையாது, எர்சிலியா வீட்டு முன்னால்தான் போயாக வேண்டும்.

"நிக்க வேணாம், எல்பீதியோ. சும்மா தாண்டிப் போயிருங்க" என்றார்.

சும்மா தாண்டுவதாம். எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்காரன்கூட எஞ்சினை அணைத்து இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவான். வேலி தாண்டிய பிறகுதான் உதைத்துக் கிளப்புவான். போதையில் இருக்கிறவனும் இதில் தவறமாட்டான். நான் பதினைந்து வண்டியை உறுமவிட்டுக்கொண்டு அந்த வாசலைத் தாண்டுவதா?

மறுநாள் குகைக் குளம் முடிந்து வந்ததும், வீட்டுக்கு முந்தின வளைவில் வரிசையை நிறுத்தினேன். எல்லோரையும் இறங்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், முன்னால் சாவு வீடு, சத்தம் கூடாது, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்றேன். புரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். சேறு சொட்டச் சொட்ட ஒரு பருத்த ஜெர்மானியர் மட்டும், ஓட்டத்தான் பணம் கட்டினேன், தள்ளுவதற்கு இல்லை என்று முறைத்தார். அவர் மனைவி போய்த் தள்ள ஆரம்பித்ததும் அவரும் முணுமுணுத்துக்கொண்டே கை வைத்தார்.

அங்கிருந்து கடல்வரை லேசான இறக்கம். தள்ளத் தள்ள வண்டிகள் நகர்ந்தன. டயர் மண்ணில் அரைபடும் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டது. அமௌரி முந்தின நாளிலிருந்து எர்சிலியா வேலியோரம் உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்து எழுந்து வந்து கடைசி வண்டியில் மனோலினுக்குப் பக்கத்தில் கை கொடுத்தான்.

வாசலுக்கு நேரே வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த வீட்டுக்குள் காலடி ஓசை வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ரோட்டில் அவள் கேட்டது எஞ்சின் சத்தம்தான். இத்தனை பேர் பேச்சில்லாமல், சேர்ந்து, எதையோ நகர்த்திக்கொண்டு நடந்து போகும் ஓசையை எங்கள் ஊரில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் கேட்போம்.

எர்சிலியா வெளியே வந்தாள். கறுப்பு உடை, வெறுங்கால். மில்கேயா பின்னாலேயே ஓடி வந்து தோளைப் பிடித்தாள். அவள் கையை விலக்கிவிட்டு ரோட்டில் இறங்கி, கடைசி வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். சவப்பெட்டிக்குப் பின்னால் தாய் எந்த இடத்தில் நடப்பாளோ அந்த இடத்தில், அந்த நடையில் நடந்தாள். மில்கேயாவும் மற்றப் பெண்களும் அவளுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

வேலி முடிந்தது. வழக்கப்படி நான் எஞ்சினைக் கிளப்பலாம். எப்படிக் கிளப்புவேன்? திரும்பிப் பார்த்தேன். கடைசி வண்டியிலிருந்து மனோலின் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தள்ளிக்கொண்டே போனோம். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் வண்டியில் இருந்தது. அடக்கம் செய்ய ஒன்றுமே கொடுக்காத கடலுக்கு, சேறு பூசிய இந்த அன்னியர்களைக் கூட்டிக்கொண்டு நான் தனீலோவின் சாவு ஊர்வலத்தை நடத்திப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

தென்னந்தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் சக்கரங்கள் புதைந்தன. வண்டிகளை அங்கேயே விட்டோம். எர்சிலியா எங்களைத் தாண்டி நேராகப் போய், தண்ணீர் காலை நனைக்கும் இடத்தில் நின்றாள். நாங்கள் மணலில் நின்றோம். யாரோ ஒருவர் போனை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். அவள் உதடு அசைந்தது. அலைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு திரும்பி எங்களிடம் வந்தாள். அடக்கம் முடிந்ததும் வந்தவர்களுக்கு அந்த வீட்டுக்காரர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து நன்றி சொல்லவேண்டும். அது எங்கள் முறை. அவள் முதலில் நின்ற சிறுபெண்ணின் சேற்றுக் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அடுத்தவர் கையைப் பிடித்தாள். அமௌரியின் முறை வந்தபோது அவன் பின்வாங்கினான். அவள் அவன் கையைத் தேடி எடுத்து, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். அந்தக் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

ஒதுங்கி நின்ற அந்தப் பருத்த ஜெர்மானியர் என் பக்கம் குனிந்து, அந்த அம்மா எல்லோரிடமும் என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"மகனை அடக்கம் பண்ண வந்ததுக்கு நன்றி சொல்றாங்க" என்றேன்.

அவர் புழுதிக் கண்ணாடியைக் கழற்றினார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.